யாருக்குக் கால்? ரமணாசிரமத்தில் மூன்று நாள்

தியானத்துக்காக நான் இதுவரை செலவு செய்த பணம் 6,348 ரூபாய். சம்பளம் வாங்கிய காலத்திலிருந்தே கணக்கு எழுதும் பழக்கம் இருப்பதால் பைசா சுத்தமாகச் சொல்ல முடிகிறது. இணையத்தில் வாங்கிய தியான மெத்தை 1,850. போனில் ஒரு தியானச் செயலிக்கு ஆண்டுச் சந்தா 1,499. '21 நாளில் சுய விசாரணை' என்று ஓர் ஆன்லைன் வகுப்பு 2,999. மெத்தையில் இப்போது எங்கள் வீட்டுப் பூனை தூங்குகிறது. செயலி தினமும் காலை 6 மணிக்கு, 'உங்கள் அமைதி உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று செய்தி அனுப்பி எழுப்பிவிடுகிறது. வகுப்பை முடித்ததற்குச் சான்றிதழ் வந்திருக்கிறது. மனசு மட்டும் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருந்தது; அதாவது எங்கேயும் இல்லை.

போன ஆவணியில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். மேலே உள்ள மூன்றின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அவர்கள் விற்றார்கள், நான் வாங்கினேன், அவ்வளவுதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. மதுரையில் 1984-ல் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். டிரங்க் கால் போர்டு (வெளியூர்க் கால்களை ஆபரேட்டரே இணைத்துக் கொடுக்கும் பலகை), தலையில் ஹெட்செட், கையில் கார்டு. ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்து போர்டு போன பிறகு புகார்ப் பிரிவு, அப்புறம் கவுன்டர். 2020 ஜனவரியில் எங்களில் பெரும் கூட்டம் விருப்ப ஓய்வில் வெளியே வந்தபோது நானும் வந்துவிட்டேன். வீட்டில் சத்தம் குறைந்த பிறகுதான் தலைக்குள் எவ்வளவு சத்தம் என்று தெரிந்தது. தியானத்துக்கு வந்த கதை இதுதான். பெரிய ஆன்மிகத் தேடல் எல்லாம் இல்லை.

கூட வந்தது என் மதினி. அண்ணன் போய் நான்கு வருஷம் ஆகிறது. "ஆத்ம விசாரம் பண்ணப் போறேன், வாங்க மதினி" என்றேன். "உனக்கென்ன விசாரம்? மாசமான பென்ஷன் வருது" என்றார். எங்கள் பக்கம் விசாரம் என்றால் கவலை. விசாரணை என்றாலோ எங்கள் ஆபீஸில் வயிற்றைக் கலக்கும். 'என்கொயரி' போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டுமே இல்லை, 'நான் யார்'னு பார்க்கிறது என்று விளக்கினேன். "அதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம் என்பதுதான் மதுரைக்காரர்களுக்கு வேடிக்கை. 1896 ஜூலையில் 16 வயதுப் பையன் வேங்கடராமனுக்கு (பின்னாளில் ரமண மகரிஷி) மரண அனுபவம் வந்தது மீனாட்சி கோவிலுக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டு மாடியில். உடம்பில் ஒரு நோயும் இல்லை. திடீரென்று செத்துப்போகப் போகிறோம் என்ற பயம். அந்தப் பையன் டாக்டரைக் கூப்பிடவில்லை, பெரியவர்களிடமும் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு, சரி, சாவது எது, உடம்புதானே, அப்படியானால் 'நான்' என்பது எது என்று பார்த்திருக்கிறான். அந்த வீடு இன்றைக்கும் 'ரமண மந்திரம்' என்ற நினைவில்லமாக இருக்கிறது. ரவிக்கைத் துணி எடுக்க அந்தப் பக்கம் எத்தனை தடவை போயிருப்பேன்! ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

நாங்கள் மதுரையிலிருந்து ரயிலில் விழுப்புரம், அங்கிருந்து பஸ். வேங்கடராமனும் அதே வழிதான்: 1896 ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு ரயில் ஏறியவர், விழுப்புரத்தில் இறங்கி, கொஞ்சம் ரயில், கொஞ்சம் நடை, வழியில் கடுக்கனை அடகு வைத்து மறுபடியும் ரயில் ஏறிச் செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் கோவிலுக்குள் போனார். அதற்குப் பிறகு 1950 ஏப்ரல் 14 வரை, உயிரோடு இருந்த நாள் பூராவும், அந்த ஊரை விட்டு வெளியே வரவில்லை. நாங்கள் ஒரே பகலில் போய்ச் சேர்ந்துவிட்டோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோக்காரர் ஒருவர் கேட்ட தொகையில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மனம் அடங்க அதுவும் ஒரு வழி போலிருக்கிறது.

ஆசிரமம் செங்கம் சாலையில், பெரிய கோவிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தங்குவதற்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டு இடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். நேராகப் போய் நின்றால் கிடைப்பது கஷ்டம். எங்களுக்கு மூன்று நாள் கொடுத்தார்கள். வாடகை என்று ஒன்று கிடையாது. சாப்பாட்டுக்கும் கிடையாது. விருப்பப்பட்டால் நன்கொடை கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். அறை என்றால் கட்டில், மெத்தை, மின்விசிறி, குளியலறை, சுத்தமாக இருந்தது. டி.வி. இல்லை. மதினிக்கு ஏழரை மணி சீரியல் மூன்று நாள் போயிற்று. இதைத் தியாகம் என்று நான் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சாப்பாடு: தரையில் வரிசையாக உட்கார்ந்து, இலையில். காலை 7, மதியம் பதினொன்றரை, மாலை 4 மணிக்கு டீ, இரவு ஏழரை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் வெளியே அன்னம் போட்டுவிட்டுத்தான் உள்ளே இலை போடுவார்கள். அது பகவான் (ரமணரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) காலத்து வழக்கம். சாம்பார், ரசம், பொரியல், மோர். காரம் மதுரை நாக்குக்கு எட்டாது. அளவாகச் சாப்பிடும் சாத்விக உணவு மனதை அடக்க எல்லா நியமங்களிலும் சிறந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். 'சாத்விகம்' என்பதை நான் பிடித்துக்கொண்டேன், 'அளவாக' என்பதை விட்டுவிட்டேன். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கே யாரும் எதுவும் கற்றுத் தர மாட்டார்கள்.

இது தெரியாமல் போனால் ஏமாந்துபோவீர்கள். வகுப்பு இல்லை, தீட்சை இல்லை, 'கண்ணை மூடுங்கள், இப்போது மூச்சைக் கவனியுங்கள்' என்று ஒலிபெருக்கியில் குரல் இல்லை. காலையிலும் மாலையிலும் சமாதி மண்டபத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் வேத பாராயணம் உண்டு, மாலையில் தமிழ்ப் பாராயணமும் உண்டு. விரும்பினால் உட்காரலாம், வேண்டாமென்றால் எழுந்து போகலாம். பழைய ஹால் என்று ஒன்று இருக்கிறது. பகவான் இருபது வருஷம்போல இருந்த அறை. அவர் சாய்ந்திருந்த சோபாவில் இப்போது அவருடைய படம். அந்த ஹால் தியானத்துக்கு மட்டும்தான், பேசக் கூடாது. ஜன்னலோரமாகவோ சுவரோரமாகவோ இடம் பிடித்து உட்கார வேண்டியது. அதற்கப்புறம் உங்கள் பாடு.

முதல் நாள் விடியற்காலையில் போய் உட்கார்ந்தேன். ஆன்லைன் வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி 'நான் யார், நான் யார்' என்று உள்ளுக்குள் சொல்லத் தொடங்கினேன். பத்துத் தடவை சொல்லியிருப்பேன். கேஸ் ரெகுலேட்டரை மூடினோமா என்று ஒரு கேள்வி. மூடினோம். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தோமே, பூனைக்கு அந்தப் பெண் பால் வைப்பாளா? நான் யார். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். நான் யார். 1991-ல் ஒரு சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை. நான் யார். வலது கால் மரத்துப்போயிற்று. அந்த நேரம் பார்த்து ஓட்டு மேல் ஒரு மயில் அகவியது. மயில் அகவுவதைப் பாட்டில் கேட்டால் இனிமை. தலைக்கு மேலே கேட்டால் யாரோ பூனையின் வாலை மிதித்த மாதிரி இருக்கிறது. எரிச்சலாக வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் பக்கத்தில் மதினி, சுவரில் சாய்ந்துகொண்டு, அசையாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் இன்னும் எரிச்சல்.

வெளியே வந்து, "என்ன மதினி நினைச்சீங்க அவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் நினைக்கல. உங்க அண்ணன் ஞாபகம் வந்துச்சு. வந்துட்டுப் போயிருச்சு."

அன்றைக்குக் காலை டிபனுக்குப் பிறகு ஆசிரமப் புத்தகக் கடையில் 'நான் யார்?' சின்னப் புத்தகத்தை வாங்கினேன். (ஆசிரமத்தின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது, 2,999 ரூபாய்க்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.) இந்தப் புத்தகம் உருவான கதை அரசாங்க வேலையில் இருந்த யாருக்கும் பிடிக்கும். சிவப்பிரகாசம் பிள்ளை தென்னார்க்காடு கலெக்டர் ஆபீஸில் ரெவின்யூ உத்தியோகஸ்தர். தத்துவம் படித்தவர். ஆபீஸ் வேலையாக 1902-ல் திருவண்ணாமலைக்கு வந்தவர், மலைமேல் விருபாட்சி குகையில் ஒரு இளம் சாமி இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். சாமி அப்போது பேசுவதில்லை. இவர் கேட்கக் கேட்க அவர் எழுதிக் காட்டினார். இருபத்தோரு வருஷம் கழித்து, 1923-ல், பிள்ளை அதை அச்சில் கொண்டுவந்தார். இப்போது நாம் படிக்கும் பதிப்பில் 28 கேள்விகள். கேள்வி பதிலை எடுத்துவிட்டு பகவானே கட்டுரையாக எழுதிய வடிவமும் உண்டு. 'கேம்ப்' போன இடத்தில் வேலையைப் பார்த்துவிட்டுப் பயணப்படி எழுதித் திரும்பிவந்த நான் எங்கே, அவர் எங்கே.

மரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். முன்பே படித்ததுதான், ஆனால் படிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 'நான் யார்' என்று சொல்லிக்கொண்டே இரு என்று அதில் எங்குமே இல்லை. அது மந்திரம் கிடையாது. ஓர் எண்ணம் எழுந்தால் அதை முடிக்கப் பார்க்காமல், இது யாருக்கு உண்டாயிற்று என்று பார்க்க வேண்டும். எனக்கு என்று தோன்றும். அந்த 'எனக்கு' என்கிற நான் யார் என்று பார்த்தால், மனம் கிளம்பின இடத்துக்கே திரும்பும். எழுந்த எண்ணம் அடங்கிப்போகும். முதல் கேள்வி 'யாருக்கு'. 'யார்' அதற்கு அடுத்ததுதான்.

யாருக்கு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷ வேலையில் முதல் பத்து வருஷமும் நான் கேட்ட கேள்வி அதுதான். "யாருக்குக் கால்?"

இளையவர்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் டிரங்க் காலில் 'பி.பி. கால்' என்று ஒன்று இருந்தது. குறிப்பிட்ட ஆளோடுதான் பேச வேண்டும் என்று பதிவு செய்வது. சென்னை ஓட்டல் ஒன்றில் தங்கியிருக்கும் ராமசாமிக்குக் கால் என்றால், நாங்கள் ஓட்டலைப் பிடிப்போம். மேனேஜர் எடுப்பார், அவர் இல்லை. ரூம் பாய் எடுப்பான், அவனும் இல்லை. பக்கத்து ரூம்காரர், "நான் அவரோட ஃப்ரெண்டுதான், சொல்லுங்க" என்பார், அவரும் இல்லை. அந்த ராமசாமி வந்து லைனில் "ஹலோ" சொல்லும்வரை நிமிடக் கணக்கு ஓடாது. எடுத்தவர் என்ன கதை சொன்னாலும் ஆபரேட்டர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. நின்றால் போர்டில் காத்திருக்கும் மற்றக் கால்களின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்.

நான் செய்த தப்பு புரிந்தது. 1991 சூப்பர்வைசர் லைனில் வந்ததும் அவரோடு முழுச் சண்டையும் போட்டு முடித்துவிட்டு, நடுவில் 'நான் யார்' என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கேட்க வேண்டியது, இந்தக் கால் யாருக்கு வந்திருக்கிறது என்று மட்டும்தான்.

அன்று மாலை மறுபடியும் பழைய ஹால். ஓர் எண்ணம் வந்தது. யாருக்கு? எனக்கு. அந்த 'எனக்கு' என்ற இடத்தில் சும்மா நின்றேன். இரண்டு விநாடி, மூன்று விநாடி இருக்கலாம். ஒன்றுமே இல்லை, ஒளி கிளி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த இடம் காலியாகவும் இல்லை. அப்புறம் அடுத்த விளக்கு எரிந்தது. யாருக்கு? மறுபடியும் இரண்டு விநாடி. எத்தனை எண்ணம் வந்தால் என்ன என்று புத்தகத்தில் தைரியம் சொல்கிறார். கோட்டைக்குள் ஆள் இருக்கிறவரை வெளியே வந்துகொண்டுதான் இருப்பார்கள், வரவர ஒவ்வொருவராக முடித்துக்கொண்டிருந்தால் கோட்டை தானே வசமாகும் என்பது அவர் உவமை. எனக்குக் கோட்டையைவிடத் தீபாவளிக்கு முதல் நாள் போர்டு நன்றாகப் புரிகிறது. பூராவும் விளக்கு எரியும். புதிதாக வந்த பெண்கள் அழுதுவிடுவார்கள். பழையவர்கள் அழ மாட்டோம். விளக்கை அணைப்பது நம் வேலை இல்லை, ஒவ்வொன்றாக எடுப்பதுதான் வேலை.

மயில் மறுபடியும் அகவியது. யாருக்கு எரிச்சல்? அட, மயிலும் உதவிக்குத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இதை எழுதினால் நன்றாக இருக்குமே என்று அடுத்த எண்ணம். பி.பி. காலை வைத்து ஆரம்பிக்கலாம், ஆட்டோக்காரரை நடுவில் வைக்கலாம். அன்று மாலை முக்கால் மணி நேரம் நான் செய்தது இந்த விமர்சனத்தின் முதல் வரைவு. யாருக்கு என்று கேட்க மறந்தே போனேன். தியானம் நன்றாக வருகிறது என்கிற எண்ணத்தை விடவா பெரிய இடையூறு இருக்கப்போகிறது? ரெகுலேட்டர், பூனை எல்லாம் அதற்கு முன்னால் தூசு.

இரண்டாம் நாள் மதியம், ரசத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் அற்புதமான அமைதி. எண்ணமே இல்லை. மதினி முழங்கையால் இடித்தபோதுதான் அது எதனால் என்று தெரிந்தது. "குறட்டை விடுற, எந்திரி" என்று காதோரம் சொன்னார். ஹாலில் பேசக் கூடாது என்ற விதி மூன்று நாளில் எங்கள் தரப்பில் மீறப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

தூக்கத்தைப் பற்றிச் சிரிக்கிறேனே தவிர, இதில் விஷயம் இருக்கிறது. மனம் அடங்குவது இரண்டு விதம் என்று ரமணர் 'உபதேச உந்தியார்' முப்பது பாட்டில் பிரித்துச் சொல்கிறார். ஒன்று லயம், இன்னொன்று நாசம். லயத்தில் அடங்கினது மறுபடியும் எழும், நாசமானது எழாது. அவர் சொன்ன ஒரு கதையும் உண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டு லயத்தில் போய்விடுகிறார். காலங்காலமாக அப்படியே இருக்கிறார். சீடன் போய், கங்கையே தடம் மாறிப் போகிறது. விழித்ததும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "தண்ணி எங்கே?" எண்ணம் எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்திலிருந்து தொடர்கிறது. நான் குறட்டையிலிருந்து விழித்ததும் நினைத்தது, நாலு மணிக்கு டீயா காபியா என்று.

ஆக, மனசு அமைதியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததே தப்பு. அமைதி வந்தாலும் அது யாருக்கு என்று விழிப்போடு பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் செயலியும் வகுப்பும் என்னை எங்கே கொண்டுபோய் விட்டன என்று இப்போது தெரிகிறது. மெல்லிய இசை, மணியோசை, 'உங்களை ஒரு கடலாக நினையுங்கள்'. நினைக்கச் சொல்கிறார்கள்! ஏற்கெனவே நினைத்து நினைத்துத்தான் தூக்கம் கெட்டு இங்கே வந்து நிற்கிறேன். கடலாக நினைத்துப் படுத்தால் தூக்கம் நன்றாக வரும், அதை மறுக்கவில்லை. தூக்கத்துக்கு என்றால் 1,499 ரூபாய் அதிகமில்லை.

மூச்சு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உட்கார்ந்ததும் மனசு தறிகெட்டு ஓடுகிறவர்களுக்கு (எனக்கு) எடுத்த எடுப்பில் 'யாருக்கு' என்று கேட்க வராது. மூச்சைக் கவனித்தால் மனம் கொஞ்சம் அடங்கும். இரண்டும் கிளம்புகிற இடம் ஒன்று என்கிறார். ஆனால் மூச்சு கட்டுப்பட்டிருக்கும் வரைதான் மனமும் கட்டுப்பட்டிருக்கும், விட்டதும் அதுவும் வெளியே கிளம்பிவிடும். நாம ஜபமும் அப்படி ஒரு துணை. சதா ஆடிக்கொண்டே இருக்கும் யானைத் துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்தால் வேறெதையும் பிடிக்காமல் அதையே பிடித்துக்கொண்டு போகுமல்லவா, அதுபோல. மதினிக்கு அந்தச் சங்கிலி 'அருணாசலா'. ரமணர் பாடிய அட்சரமணமாலை 108 கண்ணியும் மனப்பாடம். நடக்கும்போதும், பாத்ரூம் வாளி நிரம்பும்வரையும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். என் வழக்கம் இப்போது இப்படி: முதல் பத்து நிமிடம் மூச்சைச் சும்மா பார்ப்பது, ஆட்டம் குறைந்த பிறகு கேள்வி. முதுகு நேராக இருந்தால் போதும். பத்மாசனம், மெத்தை எதுவும் தேவைப்படவில்லை. மரத்துப்போன காலை மெதுவாக நீட்டி மடக்கினால் மலை கோபித்துக்கொள்ளாது.

மூன்றாம் நாள் காலையில் ஸ்கந்தாசிரமம். ஆசிரமத்தின் பின்பக்கத்திலிருந்தே மலைப்பாதை தொடங்குகிறது. கல் பாவிய வழி, ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருக்கும். வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் நின்று நின்று ஏறலாம். நாங்கள் ஏழு இடத்தில் நின்றோம். ஒரு வளைவில் திரும்பினால் கீழே பெரிய கோவில் ஒன்பது கோபுரத்தோடும் முழுசாகத் தெரிகிறது, யாரோ கோலம் போட்டுவைத்த மாதிரி. விருபாட்சி குகையிலிருந்து 1916-ல் இங்கே வந்தார் ரமணர். அம்மா அழகம்மாள் இங்கே இருந்து சமைத்துப் போட்டார். 1922 மே 19 அன்று அம்மா காலமாகி, உடலை மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். மகன் தினமும் இறங்கி அங்கே போய்வந்துகொண்டிருந்தவர் ஒரு நாள் அங்கேயே தங்கிவிட்டார். அந்தச் சமாதியைச் சுற்றித்தான் இப்போதிருக்கும் ஆசிரமமே வளர்ந்தது. வீட்டை விட்டு ஓடிவந்த பையனின் ஆசிரமம் அம்மா இருக்கும் இடத்தில் அமைந்திருக்கிறது. இதை மதினியிடம் சொன்னபோது, "பின்னே?" என்றார்.

மேலே உள்ளே ஓர் அறையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மட்டும் நான் எதுவும் செய்யவில்லை. ஏறிவந்த களைப்பாக இருக்கலாம். எண்ணங்கள் வந்தன, கேள்வியைச் சொல்லாமலே பார்வை 'எனக்கு' பக்கம் திரும்பியது, நின்றது, மறுபடி திரும்பியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது என் முன்னால் ஒரு குரங்கு மதினியின் பையைத் திறந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டிருந்தது. உரித்து, தோலை எங்கள் பக்கமே போட்டுவிட்டுப் போயிற்று. மலையில் கையில் உணவுப் பொருளோடு போகாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன்.

யாருக்கு இந்த இடம் சரிப்படாது? முன்னால் ஒருவர் உட்கார்ந்து, நீ செய்வது சரி, இது தப்பு என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்குச் சரிப்படாது. குழந்தைகளை வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு அந்த ஹால் கஷ்டம். வெளியே மயிலும், பசு லட்சுமியின் சமாதியும், பக்கத்தில் மான், காக்கை, நாயின் சமாதிகளும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பௌர்ணமியன்று வராதீர்கள், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். கிரிவலம் போகத்தான் வருகிறீர்கள் என்றால் அது வேறு. நிசப்தம் கிடைக்கும் என்று நம்பி வருபவர்களுக்கும் ஏமாற்றம்தான். சாலையில் பஸ் ஹாரன், ஹாலில் இருமல். ஒரு பெரியவரின் போன் ஒலித்து, அவர் அதை எடுத்து, "தியானத்துல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்றார். பாதி ஹால் சிரித்துவிட்டது, வாயைத் திறக்காமல்.

வந்து ஏழு வாரம் ஆகிறது. உட்காருவது காலையில் அரை மணி, அதுவும் எல்லா நாளும் இல்லை. எண்ணம் குறைந்திருக்கிறதா என்றால் இல்லை; சூப்பர்வைசர் இன்னும் வருகிறார். வந்தால் முன்பு அரை மணி இருப்பார், இப்போது சில நாள் வாசலிலேயே திரும்பிவிடுகிறார். உட்கார்ந்திருக்கும்போதுகூட அவ்வளவு இல்லை, வேலைக்கு நடுவில்தான் அந்தக் கேள்வி அதிகம் உதவுகிறது. போன வாரம் சிலிண்டர் கொண்டுவந்தவர் கூடுதலாக ஐம்பது ரூபாய் கேட்டார். கோபம் கிளம்பியது. யாருக்கு? எனக்கு. அந்த இரண்டு விநாடியில் அவர் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது கண்ணில் பட்டது. ஐம்பதைக் கொடுத்தேன். அப்புறம் அரை மணி நேரம், கொடுத்திருக்கக் கூடாதோ என்று யோசித்தேன். அதற்கு யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

மார்கழியில் ரமண ஜெயந்திக் கூட்டம் வரும் என்பதால், அதற்கு முன்பே ஏதாவது ஒரு வாரத்தில் இடம் கேட்டு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். செயலியின் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. நானில்லாத மூன்று நாளும் பூனை மெத்தையை விட்டு எழவே இல்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். வாழைப்பழம் மட்டும் எடுத்துவரக் கூடாது என்று மதினியிடம் கண்டிப்பாகச் சொல்லியாயிற்று. "அது பாவம், எதிர்பார்த்துக்கிட்டு இருக்கும்" என்கிறார்.